விலைச்சீட்டில் எழுதப்படாதவை

'விலை குறைந்தது' என்னும் சொல் எந்தச் செவிக்கும் இனிமையானது. மாதக் கடைசியில் கையிலிருப்பதை எண்ணிப் பார்த்து அரிசியும் எண்ணெயும் வாங்க வேண்டிய குடும்பத் தலைவிக்கு அச்சொல் ஓர் ஆறுதலும் ஆகும். எனவே குறைந்த விலையைப் பழிப்பது எளிதாகச் செய்யத்தக்க செயலன்று. எனினும் வரலாற்றைப் படிப்பவன் ஒரு கேள்வியைக் கேட்டே தீரவேண்டும். நூறு ரூபாய்ப் பொருள் எண்பது ரூபாய்க்கு விற்கப்படும்போது, குறைந்த அந்த இருபது ரூபாய் எங்கே போயிற்று? அதைச் சுமந்தவர் யார்?

இக்கேள்விக்கு விடை தேட ஏற்ற இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. நெடுஞ்சாலை ஓரத்தில், பரந்த வண்டி நிறுத்துமிடத்தின் நடுவே, சன்னலற்ற பெரும்பெட்டி போல எழுந்து நிற்கும் தள்ளுபடிப் பேரங்காடி அங்கேதான் பேருருக் கொண்டது. புறநகர்களிலும் சிற்றூர்களிலும் வேரூன்றிய பின், மாநகர்களின் உள்ளேயும் அது புகுந்தது. அதன் கதை வணிகத்தின் கதை. அத்துடன், ஒரு சமுதாயம் எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுத்தது என்பதன் கதையும் ஆகும்.

ஐந்து சென்டுக் கடை முதல்

1879-ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில் பிராங்க் உல்வொர்த் என்பவர் ஒரு கடையைத் திறந்தார். ஐந்து சென்டு என்னும் ஒரே விலைக்குப் பொருள்கள் பரப்பி வைக்கப்பட்டன. பேரம் இல்லை, கடன் இல்லை. அவருடைய கடைகள் பெருகின. மளிகை வாணிகத்தில் 'ஏ அண்ட் பி' என்னும் நிறுவனம் 1930-ஆம் ஆண்டளவில் 15,000-க்கும் மேற்பட்ட கடைகளை நாடெங்கும் நடத்தியது.

சிறு வணிகர்கள் அஞ்சினர். அவர்களின் அச்சம் சட்டமன்றங்களை எட்டியது. மொத்தமாக வாங்கும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் சலுகை விலை அளிப்பதைக் கட்டுப்படுத்த 1936-இல் ராபின்சன்-பாட்மன் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டில் மில்லர்-டைடிங்ஸ் சட்டம் வந்தது. உற்பத்தியாளரே தம் பொருளின் மிகக் குறைந்த சில்லறை விலையை நிர்ணயிக்க மாநிலங்கள் இடமளிக்கலாம் என்றது அது. பெரிய கடையும் சிறிய கடையும் ஒரே விலைக்கு விற்றால் சிறிய கடை பிழைக்கும் என்பது அதன் கருத்து. ஆனால் அந்தப் பாதுகாப்பின் செலவை வாங்குவோர் ஏற்றனர் என்பதையும் மறைத்தல் கூடாது. 1975-இல் நாடாளுமன்றம் அவ்வேற்பாட்டை நீக்கியது.

அதற்கு முன்பே தள்ளுபடி வணிகம் தன் வழியைக் கண்டுகொண்டிருந்தது. 1953-ஆம் ஆண்டு ரோட் ஐலண்டு மாநிலத்தின் கம்பர்லாந்தில், 'ஆன் அண்ட் ஹோப்' என்னும் பெயருடைய பழைய நெசவாலையில் மார்ட்டின் சேஸ் என்பவர் ஒரு தள்ளுபடிக் கடையைத் தொடங்கினார். நெசவுத் தொழில் அவ்வட்டாரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தறிகள் ஓடிய கூடத்தில் தள்ளுவண்டிகள் ஓடலாயின. முன்பு மக்கள் பொருள் செய்ய வந்த அதே கட்டடத்திற்கு இப்போது பொருள் வாங்க வந்தனர். வரப்போகும் காலத்தின் அடையாளம் அந்தக் கட்டடத்திலேயே இருந்தது எனலாம்.

1956-இல் சுமார் 41,000 மைல் நீளத்திற்கு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளை அமைக்கச் சட்டம் பிறந்தது. புறநகர்கள் விரிந்தன; வீட்டுக்கு வீடு மோட்டார் வண்டி வந்தது. நடந்து செல்வோருக்காக அமைந்த பழைய கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. நெடுஞ்சாலை ஓரத்திலோ மலிவான நிலம் வேண்டிய மட்டும் கிடைத்தது. தள்ளுபடியின் முதற்பகுதி இவ்வாறு நிலத்தின் விலையிலிருந்தும், அரசு செலவில் போட்ட சாலையிலிருந்தும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கு

இடம் மாறியபின் நாளும் மாறிற்று. மேரிலாந்து மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வணிகத்தைத் தடைசெய்யும் பழைய சட்டம் இருந்தது. ரொட்டி, பால், பழம், மருந்து, செய்தித்தாள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே நெடுஞ்சாலை ஓரத்துத் தள்ளுபடிக் கடை ஒன்றின் ஊழியர் எழுவர், ஞாயிற்றுக்கிழமையில் விற்றதாக வழக்குத் தொடரப்பட்டது. விற்ற பொருள்கள் யாவை? காகிதம் கோக்கும் ஒரு கோப்பு, தரை மெழுகு ஒரு டப்பா, காகிதம் தைக்கும் கருவியும் அதற்குரிய கம்பிகளும், ஒரு பொம்மை. ஒவ்வொருவருக்கும் ஐந்து டாலரும் வழக்குச் செலவும் அபராதம் விதிக்கப்பட்டது.

'மெக்கோவன் எதிர் மேரிலாந்து' என்னும் அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1961-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் தலைமை நீதிபதி எர்ல் வாரன் தீர்ப்புரைத்தார். ஞாயிறு சட்டங்கள் சமய நோக்கில் பிறந்தவை என்பது உண்மை. ஆயினும் காலப்போக்கில் அனைவருக்கும் பொதுவான ஓய்வுநாளை அளிக்கும் நோக்கத்தை அவை பெற்றுவிட்டன. ஆதலால் அவை செல்லும் என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி டக்ளஸ் மாறுபட்டார்.

இத்தீர்ப்பில் சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. ஆலயத்திற்குச் செல்வோரை மட்டும் எண்ணி நீதிமன்றம் பேசவில்லை. குடும்பம் ஒன்றுகூடவும், நண்பர் ஒருவரையொருவர் காணவும், எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு வேண்டும் என்றே அது கருதியது. ஆளுக்கொரு நாள் கிடைக்கும் விடுமுறை உடலுக்கு ஓய்வு தரலாம். ஊருக்கு ஓய்வு தராது. விவிலியத்தின் ஓய்வுநாள் கட்டளையும் வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. பணியாளனையும் அந்நியனையும் பெயர் சொல்லி உட்படுத்துகிறது. மேரிலாந்தில் தண்டனை பெற்றோரும் கடையின் உரிமையாளர் அல்லர், கூலிக்கு நின்றோரே என்பது நினைக்கத்தக்கது.

தீர்ப்பு ஞாயிற்றைக் காத்தது, வணிகம் காக்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் அச்சட்டங்களை நீக்கின அல்லது தளர்த்தின. நியூ ஜெர்சி மாநிலத்தின் பெர்கன் மாவட்டம் போன்ற சில இடங்களிலேயே அவற்றின் வலிமை எஞ்சியது.

1962-ஆம் ஆண்டு

அத்தீர்ப்பு வந்த மறு ஆண்டு, சில்லறை வணிக வரலாற்றில் மறக்கவியலாத ஆண்டு. மார்ச்சு மாதத்தில் டெட்ராயிட் நகருக்கு அருகிலுள்ள கார்டன் சிட்டியில் முதல் 'கேமார்ட்' திறக்கப்பட்டது. மே மாதத்தில் மின்னசோட்டா மாநிலத்தின் ரோஸ்வில் புறநகரில் முதல் 'டார்கெட்' வந்தது. உல்வொர்த் நிறுவனமும் 'உல்கோ' என்னும் பெயரில் தள்ளுபடிக் கடை தொடங்கியது. சூலை 2-ஆம் நாள் ஆர்கன்சா மாநிலத்தின் ரோஜர்ஸ் என்னும் சிற்றூரில் சாம் வால்டன் தம் முதல் 'வால்மார்ட்' கடையைத் திறந்தார். நால்வரில் கவனத்தை மிகக் குறைவாகப் பெற்றவர் அவரே.

வால்டன் ஒரு காலத்தில் சிறு கடைக்காரர். அதுவும் கடையை இழந்த கடைக்காரர். 1945-இல் நியூபோர்ட் என்னும் ஊரில், தம் சேமிப்பையும் மாமனாரிடம் பெற்ற கடனையும் போட்டு ஒரு கடையை எடுத்து நடத்தினார். கடை செழித்தது. ஆனால் ஐந்தாண்டுக் குத்தகை முடிந்ததும் கட்டட உரிமையாளர் அதைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். 1950-இல் பென்டன்வில் என்னும் சிற்றூருக்கு வந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். எளியவனின் கடை எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்தவர்.

மற்றவர் புறநகர்களை நாடியபோது வால்டன் சில ஆயிரம் மக்களே வாழும் சிற்றூர்களை நாடினார். ஒரு பெரிய விநியோகக் கிடங்கை அமைத்து, அதிலிருந்து ஒரு நாளுக்குள் சரக்கு வண்டி சென்று திரும்பக்கூடிய தொலைவில் கடைகளைத் திறப்பது அவருடைய முறை. இடைத்தரகரை விலக்கி உற்பத்தியாளரிடமே வாங்கினார். 1970-இல் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது கடைகள் 38 மட்டுமே. 1980-இல் அவை 276 ஆயின. 1987-இல் கடைகளை எல்லாம் தலைமையகத்தோடு இணைக்கும் செயற்கைக்கோள் வலை முற்றுப்பெற்றது. எந்த ஊரில் எது விற்றது என்பது பென்டன்வில்லில் உடனே தெரிந்தது. 1990-ஆம் ஆண்டில் வால்மார்ட் அந்நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமாயிற்று.

தள்ளுபடியின் இரண்டாம் பகுதி இத்தகைய திறமையிலிருந்து வந்தது. இதில் அநீதி ஏதுமில்லை. வீண் செலவைக் குறைத்து ஏழைக்கு மலிவாகத் தருவது நற்பணியே. 2006-இல் பல பொது மருந்துகளை ஒரு மாத அளவுக்கு 4 டாலருக்கு விற்கும் திட்டத்தை அந்நிறுவனம் தொடங்கியபோது, பயன்பெற்றோர் மாத்திரை வாங்க வழியற்ற எளியவரே. 2005-ஆம் ஆண்டு கத்ரீனா புயலின்போது அதன் சரக்கு வண்டிகள் துயருற்ற மக்களுக்குத் தண்ணீரும் உணவும் விரைந்து கொண்டுசென்றன. நன்மையை நன்மை என்று சொல்லாதவன் தீமையைத் தீமை என்று சொல்லும் தகுதியை இழக்கிறான்.

கடைத்தெருவும் ஊதியமும்

ஆனால் தள்ளுபடியின் மூன்றாம் பகுதி ஒன்று உண்டு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கென்னத் ஸ்டோன், 1980-களின் இறுதியிலிருந்து தம் மாநிலத்துச் சிற்றூர்களை ஆராய்ந்தார். பேரங்காடி அமைந்த ஊரில் அது விற்காத பொருள்களை விற்போர் ஓரளவு பயன்பெற்றனர். அதே பொருள்களை விற்போர் தளர்ந்தனர். அதனினும் கொடிய இழப்பு, பேரங்காடி இல்லாத அண்டை ஊர்களுக்கு நேர்ந்தது. அவ்வூர்களின் மக்கள் வண்டியேறிப் போய்விட்டனர், கடைத்தெரு வெறிச்சோடியது.

சில ஊர்கள் விழித்துக்கொண்டன. 1993-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கிரீன்பீல்டு நகரில், வால்மார்ட்டுக்காக நிலப் பயன்பாட்டு விதியை மாற்றலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. ஒன்பதே வாக்கு வேறுபாட்டில் மக்கள் மறுத்தனர். அதே ஆண்டில், வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை, வெர்மான்ட் மாநிலம் முழுவதையுமே அழிவுக்குள்ளாகும் இடங்களின் பட்டியலில் சேர்த்தது. இறுதியில் 1995-இல் அம்மாநிலத்திற்குள் வால்மார்ட் வந்தபோது, வழக்கமான பேருருவில் வரவில்லை. பெனிங்டன் நகரில் முன்பே இருந்த கடைக் கட்டடம் ஒன்றில் அடக்கமாக வந்தது. வேண்டாம் என்று சொல்ல இயலாதபோதும், எப்படி வரவேண்டும் என்று சொல்ல ஓர் ஊரால் இயலும் என்பதற்கு இது சான்று.

அடுத்தது ஊதியம். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தம் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில், தொழிலாளி இசைந்துவிட்டான் என்பதாலேயே ஓர் ஊதியம் நீதியானது ஆகிவிடாது என்றும், சிக்கனமாக வாழும் உழைப்பாளியைத் தாங்குவதற்கு அது போதவேண்டும் என்றும் கற்பித்தார். அந்த அளவுகோலைக் கொண்டு நோக்குவோம். 2020-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாநிலங்களில், உழைத்துக்கொண்டே அரசின் உணவு உதவியையும் பெறுவோரை மிகுதியாக வேலையில் வைத்திருக்கும் நிறுவனங்களின் வரிசையில் வால்மார்ட் முன்னணியில் இருந்தது. அந்நாட்டில் மிகுதியானோருக்கு வேலை தரும் தனியார் நிறுவனமும் அதுவே என்பதையும் நாம் சேர்த்தே எண்ணவேண்டும். எனினும் உண்மை மாறாது: கடையில் குறைந்த விலையின் ஒரு பகுதியை வரி செலுத்துவோர் வேறொரு வாயில் வழியாகச் செலுத்தினர்.

ஊழியர்கள் ஒன்றுசேர முயன்றபோது நிகழ்ந்ததற்குக் கனடா நாட்டின் ழோன்கியேர் நகரம் எடுத்துக்காட்டு. 2004-இல் அங்குள்ள வால்மார்ட் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தனர். 2005-இல், முதல் ஒப்பந்தம் உருவாகுமுன்பே, கடை மூடப்பட்டது. 2014-இல் கனடா உச்ச நீதிமன்றம் அச்செயல் கியூபெக் தொழிலாளர் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நீதி வந்தது; ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்தது.

மாநகரின் வாயிலில்

சிற்றூர்களை நிரப்பியபின் பேரங்காடி மாநகரங்களை நோக்கியது. 2004-ஆம் ஆண்டு ஏப்பிரலில், லாஸ் ஏஞ்சலஸ் நகரை அடுத்த இங்கிள்வுட்டில், நகராட்சியின் வழக்கமான ஆய்வுகளுக்கு உட்படாமல் பேரங்காடி கட்ட இடமளிக்கும் திட்டம் மக்கள் வாக்குக்கு வந்தது. கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் மிகுதியாக வாழும் நகரம் அது. தொழிற்சங்கத்தாரும் திருப்பணியாளரும் வீடு வீடாகச் சென்று பேசினர். ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் திட்டத்தை மறுத்தனர். குறைந்த விலையின் தேவையை நன்கு அறிந்த மக்கள், தம் நகரின் சட்டத்தை விலைபேச இசையவில்லை.

சிக்காகோவில் வேறுவிதமாக நடந்தது. 2006-ஆம் ஆண்டு சூலையில் நகர மன்றம், மிகப் பெரிய கடைகள் 2010-க்குள் மணிக்கு 10 டாலர் ஊதியமும் 3 டாலர் மதிப்புள்ள பிற நலன்களும் அளிக்கவேண்டும் என்று விதித்தது. வேலையும் கடையும் இல்லாத பகுதிகளுக்கு அவை வராமற்போகும் என்று கூறி மேயர் ரிச்சர்ட் டேலி அதைத் தம் அதிகாரத்தால் தடுத்தார். அதே செப்டம்பரில் ஆஸ்டின் பகுதியில் நகரின் முதல் வால்மார்ட் திறந்தது. மேயரின் கவலையும் பொய்யன்று. அங்கே மக்களுக்கு வேலை தேவைப்பட்டது. ஆனால் 2023-ஆம் ஆண்டு ஏப்பிரலில், ஆதாயம் இல்லை என்று கூறி, நகரில் இருந்த எட்டுக் கடைகளில் நான்கை நிறுவனம் மூடியது.

போனபின் எஞ்சியது

2016-ஆம் ஆண்டு சனவரியில் வால்மார்ட் உலகெங்கும் 269 கடைகளை மூடுவதாக அறிவித்தது. வட கரோலினா மாநிலத்தில் ஓரியன்டல் என்னும் ஊர் உண்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 900. 2014-இல் அங்கே அந்நிறுவனத்தின் சிறிய கடையொன்று வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடும்பம் நடத்திவந்த மளிகைக் கடை போட்டியைத் தாங்காமல் 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. மூன்றே மாதத்தில், வந்த கடையும் போகப்போவதாக அறிவிப்பு வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் மாவட்டம் நிலக்கரித் தொழில் நலிந்து மக்கள் வெளியேறிய பகுதி. அங்கே கிம்பால் என்னுமிடத்துப் பேரங்காடியும் அதே ஆண்டில் மூடப்பட்டது. வேலையும் போயிற்று, அருகில் காய்கறி வாங்கும் இடமும் போயிற்று.

பெரியவையும் நிலைக்கவில்லை. உல்வொர்த் 1997-இல் அமெரிக்காவில் தன் பழைய கடைகளை மூடியது. கேமார்ட் 2002-இல் நொடித்தது. நாட்டின் பெருநிலப்பகுதியில் அதன் கடைசிப் பெரிய கடை 2024-இல் மூடப்பட்டது. வணிகர் வருவர், போவர். ஊர் அங்கேயேதான் இருக்கிறது.

'இது காலத்தின் கட்டாயம், யாரால் தடுக்க முடியும்?' என்று சிலர் கேட்பர். அதற்கு மறுமொழி செருமனியில் உண்டு. அங்கே ஞாயிறு ஓய்வுக்கு அரசியலமைப்பே பாதுகாப்பளிக்கிறது. 'ஆல்டி' போன்ற மலிவுவிலைக் கடைகள் ஞாயிறுதோறும் மூடியிருந்தும் உலகறிய வளர்ந்துள்ளன. 1997-இல் அங்கே நுழைந்த வால்மார்ட், நிலைபெற இயலாமல் 2006-இல் வெளியேறியது. அவ்வாறாயின், குறைந்த விலைக்கு ஓய்வுநாளைப் பலியிட்டே ஆகவேண்டும் என்பது உண்மையன்று. அமெரிக்காவிலும் 2015-இல் அந்நிறுவனம் தன் ஊழியரின் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 9 டாலராகவும், மறு ஆண்டில் 10 டாலராகவும் உயர்த்தியது. அதனால் கடை அழியவில்லை. எதைக் குறைப்பது என்பது இயற்கை நியதியன்று. மனிதர் எடுக்கும் முடிவு. மக்கள் கூடி முடிவெடுக்காத இடத்தில், அவர்களுக்காக வேறொருவர் முடிவெடுக்கிறார்.

இக்கேள்வி நம் நாட்டுக்கும் வந்தது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய அரசு பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டுக்கு இசைவளித்து, ஏற்பதா மறுப்பதா என்பதை மாநிலங்களுக்கு விட்டது. தமிழ்நாடு மறுத்தது. ஆனால் 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் செலவில் பிளிப்கார்ட் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டடம் எழவில்லை. கைப்பேசியில் கடை திறந்தது. அதன் கிடங்கில் நிற்பவரின் ஊதியத்தையும், பொதி சுமந்து வருபவரின் ஓய்வையும், நம் தெருமுனைக் கடையின் நாளையையும் பற்றிய கேள்விகள் அவையேதான்.

இவற்றை எழுதும் நானும் விலை பார்த்தே வாங்குபவன். தள்ளுபடி என்னும் பலகையைக் கண்டால் என் கண்ணும் அங்கே திரும்பும். எனவே பிறரைக் குற்றஞ்சாட்ட இதனை எழுதவில்லை. புனித தோமா அக்குவினாஸ் விலையைப் பற்றிய ஆய்வை நீதி என்னும் நற்பண்பின் கீழ் வைத்தார். வாங்கலும் விற்றலும் இருவர்க்கும் பொதுநன்மையாக அமையவேண்டும் என்றே அவர் அந்த ஆய்வைத் தொடங்குகிறார். விற்பவனின் பேராசைக்கு எதிராக அந்நாளில் எழுந்த கேள்வி, இந்நாளில் வாங்குகிற நம்மிடமும் வருகிறது.

விலைச்சீட்டில் ஓர் எண் மட்டுமே இருக்கும். குறைந்த அந்த இருபது ரூபாயில் எவ்வளவு திறமையால் வந்தது, எவ்வளவு ஒருவரின் ஊதியத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் எடுக்கப்பட்டது என்பது அதில் எழுதப்பட்டிராது. அதைக் கேட்டறிய வேண்டியவர்கள் நாம். கேட்டபின் வாங்கினாலும், வாங்காவிட்டாலும், கேட்ட ஊர் தன் கடைத்தெருவைத் தானே தீர்மானிக்கும் ஊராக இருக்கும்.